புதுக் குரங்கும் பழைய கூட்டமும்



குரங்கைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாளைக்கு வெட்டலாம் என்று விட்டுவைத்த வாழைத்தாரை இன்றைக்கே அது முடித்துவிட்டுப் போவதும், கொல்லைக் கதவு திறந்திருந்தால் சோற்றுப் பானை வரை வந்துவிடுவதும் நமக்குப் பழகிய செய்திதான். இன்று நாம் பேசப்போவது அந்தச் சேட்டைகளைப் பற்றி அன்று. மனிதர் கையில் வளர்ந்த ஒரு குரங்கை, ஏற்கெனவே சேர்ந்து வாழும் வேறொரு கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்? அதை முறையாகச் சேர்ப்பதற்கு வழி உண்டா? இது விலங்கியல் பூங்காக்காரர்களின் கவலை, நமக்கென்ன என்று வானொலியை மூடிவிடாதீர்கள். குட்டிக் குரங்கை எடுத்து வளர்த்த வீடு பெரும்பாலான லயங்களில் ஒன்றாவது இருந்திருக்கும். எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீடுதான். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். ஆற்றோரக் காட்டிலிருந்து கெராக் கூட்டம் ஒன்று காய்கறிப் பாத்திகளுக்கு வரும். நீண்ட வாலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறமும் உள்ள குரங்கு அது. பத்துமலையில் நாம் பார்ப்பதும் அதே வகைதான். ஒருநாள் யாரோ சுட்டதில் தாய்க் குரங்கு விழுந்தது. அதன் வயிற்றைக் கட்டிப் பிடித்திருந்த குட்டியை அப்பா சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். டின் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தோம். பாட்டியின் பழைய சேலைத் துண்டைப் பிடித்தபடியே தூங்கும். ராமு என்று பெயர் வைத்தோம். அம்மா பால் வெட்டப் போகும்போது தங்கையை ஆயாக் கொட்டகையில் விடுவார். ராமுவை விடுவதற்கு அப்படி ஒரு கொட்டகை இல்லையே! அவன் பாட்டியின் இடுப்பிலேயே வளர்ந்தான்.

மூன்று ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. நான்காம் ஆண்டில் கோரைப்பல் நீண்டது. பக்கத்து வீட்டுப் பையனின் கையைக் கடித்துவிட்டான். கழுத்தில் சங்கிலி ஏறியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்தடியே அவன் உலகமாயிற்று. பிறகு தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடிக்கு நாங்கள் வாடகைக்குப் போனோம். அங்கே குரங்குக்கு இடம் ஏது? "அதன் இனத்தோடு போய்ச் சேர்ந்து பிழைத்துக்கொள்ளட்டும்" என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சாக்கில் போட்டுப் பத்துமலைக்கு எடுத்துச் சென்றோம்.

சாக்கை அவிழ்த்ததும் ராமு குரங்குகளிடம் போகவில்லை. பாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டான். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் கையை விலக்கிவிட்டார். படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் குரங்கு ஒன்று இறங்கி வந்தது. ராமு அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். மனிதர் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவன் அல்லவா! அது கத்தியது. கத்திய மறுகணமே எங்கிருந்தோ ஏழெட்டுக் குரங்குகள் பாய்ந்து வந்தன. ராமு பாறைச் சரிவில் ஏறி ஓடியதை மட்டும்தான் நாங்கள் பார்த்தோம்.

மனம் கேட்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் விசாரித்தோம். "கழுத்துல சங்கிலித் தழும்பு இருந்துச்சே, அதுதானேம்மா? கை கிழிஞ்சுபோய் என் கடை ஓரமாவே உக்காந்திருந்துச்சு. ரெண்டு நாளா காணோம்" என்றார் பூக்கடை அம்மாள். அதற்குப் பிறகு ராமுவை யாரும் பார்க்கவில்லை.

கெட்ட எண்ணத்தோடு நாங்கள் இதைச் செய்யவில்லை. "அதன் இனம்" என்று நினைத்ததில்தான் பிழை இருந்தது. இனம் என்பது நாம் புத்தகத்தில் போடும் பெயர். குரங்குக்குத் தெரிந்ததெல்லாம் தன் கூட்டம் ஒன்றுதான்.

ஒரு கெராக் கூட்டத்தைப் பொறுமையாகக் கவனித்தால் இது விளங்கும். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை வாழ்கின்றன. பாட்டி, மகள், பேத்தி, பெரியம்மா, சின்னம்மா என்று தாய்வழிக் குடும்பங்கள் சில சேர்ந்ததே கூட்டம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படி உண்டு. யார் முதலில் தின்பது, யார் வந்தால் யார் எழுந்து இடம் விடுவது என்பதெல்லாம் அந்தப் படியைப் பொறுத்தவை. தாய் எந்தப் படியில் இருக்கிறதோ அதற்கு அடுத்த படி மகளுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவைவிடத் தங்கைக்கே பெரும்பாலும் மேல்படி கிடைக்கிறது. சண்டை வந்தால் தாய் இளையதின் பக்கமே நிற்பதுதான் காரணம். ஜப்பானிய அறிஞர் கவாமுரா 1958-ல் தம் நாட்டுக் குரங்குகளிடம் இதைக் கண்டு எழுதினார். கெரா, தென்னை ஏறும் பெரோக், வட இந்தியாவின் ரீசஸ் குரங்கு எல்லாம் அதற்கு நெருங்கிய உறவு. அவற்றிலும் பெரும்பாலும் இதே ஒழுங்குதான்.

படி தெரிந்திருப்பதால் கூட்டத்துக்குள் பெரும்பாலான சச்சரவுகள் ஒரு முறைப்போடு முடிந்துவிடுகின்றன. புதிதாக வந்த குரங்குக்கோ தாயும் இல்லை, தமக்கையும் இல்லை, படியும் இல்லை. அதற்காகக் கத்துவதற்கு ஒருவரும் இல்லை. நம் லயத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், எந்த ஊர், யார் வழி, யாருக்கு உறவு என்று விசாரிப்பார்கள். இரண்டு நாளில் குழம்புக் கிண்ணம் கைமாறிவிடும். குரங்குக்கு விசாரிக்க வாய் இல்லை, பல்தான் இருக்கிறது.

அப்படியானால் காட்டில் எந்தக் குரங்கும் அந்நியக் கூட்டத்தில் சேர்வதே இல்லையா? சேர்கிறது. ஆண் கெரா பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் புறப்பட்டு வேறொன்றைத் தேடுகிறது. ஆனால் அது நேராக நடுவில் போய்க் குதிப்பதில்லை. தொலைவில் ஒரு மரத்தில் உட்காரும், கூட்டம் நகர்ந்தால் தானும் நகரும், விரட்டினால் ஓடும், மறுபடி வரும். இப்படி நாட்களும் வாரங்களும் போகும். எப்போது விலகுவது, எப்போது நெருங்குவது என்று அதற்குத் தெரியும். முக்கியமாக, ஓடுவதற்குக் காடு இருக்கிறது. கூண்டில் அது இல்லை. நேயர்களே, இன்றைய பேச்சின் மையம் இதுதான். காட்டில் பல வாரம் எடுக்கும் வேலையைக் கூண்டில் ஒரே நிமிடத்தில் முடித்துவிட மனிதன் நினைக்கிறான். சாக்கை அவிழ்த்த எங்கள் கதையும் அதேதான்.

கோலசிலாங்கூர் மலாவதிக் குன்றுக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள வெள்ளிச் சாயல் கொண்ட கரிய லோத்தோங்குகளைப் பற்றி இர்வின் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர் 1968-லேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே ஒரு கூட்டத்தின் ஆணை வெளியிலிருந்து வந்த வேறோர் ஆண் அகற்றி இடத்தைப் பிடித்ததை வேறு இரு அறிஞர்கள் 1977-ல் எழுதினார்கள். லோத்தோங்கின் தூரத்து உறவான அனுமான் குரங்குகளை, 1960-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தார்வார் பகுதியில் ஜப்பானியரான சுகியாமா ஆராய்ந்தார். புது ஆண் கூட்டத்தைப் பிடித்தபின் பழைய ஆணின் குட்டிகளைக் கடித்துக் கொன்றதை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்களுள் அவர் ஒருவர். கைக்குழந்தைகள் உள்ள கூண்டில் புது ஆணை விட அனுபவசாலிகள் தயங்குவது இதனால்தான்.

மனிதர் அவசரப்பட்டதன் பலனுக்கு லண்டன் விலங்கியல் பூங்கா ஒரு பெரிய சாட்சி. 1925-ல் அங்கே ஒரு செயற்கைக் குன்றைக் கட்டி, ஹமத்ரியாஸ் எனப்படும் நாய்முகக் குரங்குகள் சுமார் 100-ஐ விட்டார்கள். ஆண்களை மட்டும் வைப்பதுதான் நோக்கம். தவறுதலாக ஆறு பெண்கள் கலந்துவிட்டன. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத அந்தக் கூட்டத்தில் ஓயாத சண்டை, சாவுகள். சண்டை பெண்களுக்காகத்தானே, இன்னும் சில பெண்களை விட்டால் அடங்கும் என்று 1927-ல் மேலும் 30 பெண் குரங்குகளை இறக்கினார்கள். ஒரு மாதத்துக்குள் அவற்றில் 15 கொல்லப்பட்டன! ஒவ்வொரு பெண்ணையும் பல ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் போன உயிர்கள் அவை. இதைப் பதிவு செய்த சோலி சூக்கர்மன், குரங்குச் சமுதாயமே இப்படித்தான் என்று 1932-ல் ஒரு நூல் எழுதிவிட்டார். பிற்பாடு, 1960-களில், ஹான்ஸ் கும்மர் என்ற சுவிஸ் நாட்டவர் எத்தியோப்பியாவுக்கே போய் அதே குரங்கைப் பார்த்தார். காட்டில் ஓர் ஆணுக்கு உரிய பெண்ணை, அதைக் கண்டறிந்த மற்ற ஆண் பெரும்பாலும் தொடுவதில்லை. பழுது குரங்கிடம் இல்லை, அவற்றைக் கொண்டுபோய்க் கொட்டிய விதத்தில்தான் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொரு கதை. 1938-ல் கார்ப்பென்டர் என்ற அமெரிக்கர் இந்தியாவில் பிடித்த ரீசஸ் குரங்குகள் 400-க்கு மேல் கப்பலேற்றி, போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய சாந்தியாகோ என்னும் சின்னத் தீவில் விட்டார். நம் முன்னோர் போலவே கடல் கடந்து வந்தவை! பல ஊர்க் குரங்குகள் ஒரே கரையில். முதலில் கடும் சண்டை நடந்தது, குட்டிகளும் மடிந்தன. ஆனால் இது தீவு, கூண்டு அன்று. ஒதுங்க இடம் இருந்தது. நாளடைவில் அவை தாமாகவே தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து அமைதியடைந்தன. அவற்றின் வழிவந்தவை இன்றும் அங்கே வாழ்கின்றன.

சண்டைக்குக் காரணம் பசியா, நெருக்கடியா, அந்நியரா? சவுத்விக் என்ற அறிஞர் இதைக் கல்கத்தா விலங்கியல் பூங்காவிலேயே ஒரு ரீசஸ் கூட்டத்தை வைத்துச் சோதித்து 1967-ல் வெளியிட்டார். உணவைக் குறைத்துப் பார்த்தார். சண்டை கூடவில்லை, குறைந்தது. கூண்டைப் பாதியாகச் சுருக்கினார். சண்டை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. புதுக் குரங்குகளை விட்டார். அப்போதுதான் பல மடங்காகப் பொங்கியது. யார் யாரைத் தாக்கின என்பதும் கவனிக்கத் தக்கது. புதுப் பெண்ணைப் பழைய பெண்கள் தாக்கின, இளசை இளசுகள் தாக்கின. தன்னைப் போன்றதுதானே தன் படியைப் பறிக்க வரும்? கோலசிலாங்கூருக்கு வந்துபோன பெர்ன்ஸ்டைனும், ஜார்ஜியா மாநிலத்து யெர்கஸ் நிலையத்தில் பெரிய அடைப்புகளில் இருந்த கூட்டங்களில் புதியவற்றைச் சேர்த்துப் பார்த்து இதையொட்டிய முடிவுக்கே வந்தார்.

அப்படியென்றால் எப்படித்தான் சேர்ப்பது? நல்ல பூங்காக்களில் புதுக் குரங்கு வந்ததும் யார் கண்ணிலும் படாத தனிக் கூண்டில் குறைந்தது ஒரு மாதம் இருக்கும். அது நோய்க் காவல். காசநோய் மனிதரிடமிருந்து குரங்குக்குத் தொற்றக்கூடியது. ஒரு குரங்குக்கு இருந்தால் கூட்டம் முழுவதற்கும் வரும். மேல் கண்ணிமையில் சிறிதளவு மருந்தை ஊசியால் ஏற்றி, அது வீங்குகிறதா என்று பார்த்துச் சோதிப்பார்கள்.

அதன் பிறகு கூட்டத்தின் கூண்டை ஒட்டிய சிறு கூண்டுக்கு மாற்றுவார்கள். நடுவில் கம்பிவலை. விரல் நுழையாத சின்னக் கண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே விரல் போய்விடும். இங்கேதான் பொறுமை வேண்டும். பழையவை வலையருகே வந்து முறைக்கும், வாயைத் திறந்து மிரட்டும், வலையைப் பிடித்து உலுக்கும். புதியது பல்லை இளிக்கும். நாம் அதைச் சிரிப்பு என்று நினைத்துச் சிரிக்கிறோம். கெரா பல்லை இளித்தால், "நான் உனக்குக் கீழே, விட்டுவிடு" என்று பெரும்பாலும் பொருள். உதட்டைச் சப்புக்கொட்டினால் நட்பு. நேராக முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. ராமு அன்று செய்தது அதுதான். செய்தது என்னவென்று அவனுக்கே தெரியாது. வலையின் இரு புறமும் சப்புக்கொட்டுவது கூடி, முதுகைத் திருப்பி உட்காரும் அளவுக்கு நம்பிக்கை வந்தபிறகே அடுத்த வேலை.

அப்போதும் கூட்டத்தை மொத்தமாக விடுவதில்லை. சாதுவான ஒன்றை மட்டும் புதியதோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டும் பேன் பார்த்துக்கொள்ளத் தொடங்கினால் பாதி வெற்றி. பிறகு இன்னொன்று, இன்னொன்று என்று போகும். தனியாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, ஒன்றுக்கொன்று பழகிய இரண்டைச் சேர்ப்பது பல வேளைகளில் நல்லது. அடி விழுந்தால் கட்டிக்கொள்ள ஒரு துணை இருக்கும். தலைமை ஆணை எப்போது விடுவது என்பதில் பராமரிப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதைக் கண்டு பயந்து கடைசிவரை ஒதுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பல கூட்டங்களில் தலைமை ஆண்தான் சண்டையை விலக்கிவிடும் தண்டல். அதை அப்புறப்படுத்தினால் பெண் குடும்பங்கள் கட்டுக்கடங்காமல் போவதுண்டு.

கூண்டின் அமைப்பும் முக்கியம். மூலை இருந்தால் அது சாவு மூலை. உள்ளறைக்கு இரண்டு வாசல் இருந்தால், துரத்தப்படும் குரங்கு ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக ஓடிவிடும். நடுவில் சாக்குகளைத் தொங்கவிட்டால் ஒன்றன் கண்ணில் ஒன்று படாமல் ஒதுங்கலாம். தீனியை ஒரே தட்டில் வைக்காமல் பல இடங்களில் நிறைய வைக்க வேண்டும். எல்லாரும் வேலைக்கு வந்திருக்கும் நாளில், காலையிலேயே தொடங்க வேண்டும். சனிக்கிழமை மாலை சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. துரத்தலும் அறையும் சிறு கீறலும் இருக்கும். அதற்கெல்லாம் குறுக்கே போனால் படி முடிவாகவே முடியாது. ஆனால் பல சேர்ந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் கடித்தால் உடனே பிரித்தாக வேண்டும். எது சில்லறைச் சண்டை, எது கொலைச் சண்டை என்று பார்த்தவுடன் தெரிவது அந்தக் குரங்குகளோடு பல ஆண்டு பழகிய ஆளுக்குத்தான்.

இத்தனை செய்தும் தோற்பது உண்டு. கூட்டத்திலேயே பிறந்த குரங்கைக்கூட நோய் என்று சில வாரம் வெளியே எடுத்துவைத்துத் திரும்ப விட்டால், படி பறிபோய் அந்நியனைப் போல் அடிபடலாம்.

மனிதர் கையில் வளர்ந்த குட்டிக்கு இதெல்லாம் இன்னும் கடினம். அதற்குக் குரங்குப் பாஷையே தெரியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்பவர் ரீசஸ் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து ஆறு மாதம் தனியறையில் அடைத்து வளர்த்தார். கல் மனத்தோடுதான் செய்திருக்க வேண்டும். வெளியே விட்டபோது அவை தம்மையே கட்டிக்கொண்டு மூலையில் ஆடிக்கொண்டிருந்தன. சம வயதுக் குரங்குகளோடு விட்டால் அடிதான் வாங்கின. 1972-ல் அவரும் சுவோமி என்பவரும் வேறு வழி கண்டார்கள். மூன்று மாதக் குட்டிகளைத் துணைக்கு விட்டார்கள். அந்தப் பச்சைக் குட்டிகளுக்குச் சண்டை தெரியாது. போய் ஒட்டிக்கொள்ள மட்டுமே தெரியும். அவை ஒட்டிக்கொண்டே இருக்க, பெரியவை மெல்ல மெல்ல விளையாடக் கற்றுக்கொண்டன. ராமுவுக்கும் அப்படி இரண்டு குட்டித் துணைகளும் சில மாதங்களும் ஒரு கம்பிவலையும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இன்றும் தோட்டங்களிலும், தோட்டத்தைவிட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் குட்டி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கெராவும் பெரோக்கும் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். நமக்குத் தொல்லை தருகிற அளவுக்குக் கண்ணில் படுகின்றனவே என்போம். ஆனால் 2022-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்விரண்டையும் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் வைத்தது. சட்டத்துக்குப் பயந்து இரவோடு இரவாகச் சாக்கில் கட்டிப் பத்துமலையிலோ, பூங்கா வேலி ஓரத்திலோ விட்டுவிட வேண்டாம். உலு கிள்ளானில் 1963-ல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த ஜூ நெகாராவின் கூண்டுக்குள் போட்டாலும் நடப்பது அதேதான் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவிடம் நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள்.

சொல்லும்போது சில விவரங்களைக் கையோடு கொடுத்தால் பின்னால் அதைச் சேர்க்கப்போகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். எந்த இடத்தில், எந்த மாதம் கிடைத்தது, எத்தனை வயது, என்ன தின்கிறது, வேறு குரங்கை எப்போதாவது பார்த்திருக்கிறதா, யாரையாவது கடித்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது நீடித்த இருமலோ காசநோயோ இருந்ததா என்பதெல்லாம். இருமலை மறைக்காதீர்கள். எந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். அந்தத் துணியைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள்.